அம்மாவுக்கு 33 நாள் கதிர்ச் சிகிச்சை: நடுவில் நான்கு நாள் வீட்டுக்கு அழைத்து வரலாமா?

நோர்வூட் செல்வி

வணக்கம். இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

அம்மாவுக்கு 58 வயது. முப்பத்தைந்து வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். இடது கன்னத்தின் உட்பக்கத்தில் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து நான்கு வாரமாகிறது. கழுத்தில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை முதல் கண்டியில் 33 நாள் கதிர் கொடுக்கப் போகிறார்கள். சனி, ஞாயிறு தவிர எல்லா நாளும் வர வேண்டுமாம்.

நான்காவது வாரத்தில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வருகிறது. சத்திரசிகிச்சைக்குப் போகும்போதே அம்மா நேர்த்தி வைத்துவிட்டார். "நாலு நாள் விட்டுவிட்டு வந்து, கடைசியில் அந்த நாலு நாளைச் சேர்த்துக்கொண்டால் முப்பத்து மூன்று சரியாகிவிடும்தானே" என்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் மனம் உறுத்துகிறது. கிளினிக்கில் கேட்கலாம் என்று போனால் அங்கே இருந்த கூட்டத்தில் என் வாயே திறக்கவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. கண்டியில் வேண்டாம், மகரகமவுக்கே கொண்டுபோ, பெரிய ஆஸ்பத்திரி அதுதான் என்று மாமா பிடிவாதமாக இருக்கிறார்.

எப்படித் தொடங்கியது என்றும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். அம்மா வெற்றிலை போடுவார். கட்டிலுக்குக் கீழே ஒரு டின்பால் டப்பா எப்போதும் இருக்கும், துப்புவதற்கு. காலையில் அதைக் கழுவி வைப்பது சின்ன வயதிலிருந்து என் வேலை. கடைசி ஆறு ஏழு மாதமாக அந்த டப்பாவில் இரத்தமும் சேர்ந்தே விழுந்திருக்கிறது. வெற்றிலைச் சிவப்பில் எனக்கு அது தெரியவில்லை. தினமும் என் கையால்தான் கழுவினேன். புண் என்று தோட்டத்து மருந்தகத்தில் காட்டியபோது நான்கு மாதம் விட்டமின் மாத்திரையும் வாய் கொப்பளிக்க மருந்தும் கொடுத்தார்கள். அதற்குள் புண் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு வந்துவிட்டது.

கம்பளை வாசகன்

தங்கச்சி, முதலில் டப்பாவைப் பற்றி: அதை நினைத்து உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்தபோது ஒரே வீட்டில் இருந்த நானும்தான் கவனிக்கவில்லை.

மகரகமவா கண்டியா என்ற கேள்விக்கு என் அனுபவம் இது. மகரகமவில் இருப்பது நாட்டின் தேசியப் புற்றுநோய் நிறுவனம், இப்போது அபேக்ஷா வைத்தியசாலை என்று பெயர். மிகச் சிக்கலான நோய்களும் சிறுவர் நோய்களும் அங்கேதான் அதிகம் போகின்றன. ஆனால் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் முழுமையான புற்றுநோய்ப் பிரிவு இயங்குகிறது. என் மனைவிக்குக் கீமோவும் கதிரும் அங்கேதான் கொடுத்தார்கள். ஏழு வருடமாகிறது, இப்போது பேரப்பிள்ளையோடு ஓடித் திரிகிறார். சத்திரசிகிச்சை செய்த குழுவும் கதிர் கொடுக்கும் குழுவும் ஒருவருக்கொருவர் பேசக்கூடிய இடத்தில் இருப்பதே பெரிய வசதி. ஐந்து வாரம் கழித்து ஆஸ்பத்திரி மாற்றினால் கோப்பு, பயாப்சி (சதைத் துண்டுப் பரிசோதனை) அறிக்கை, ஸ்கேன் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அந்த அலைச்சலில் போகும் நாள்தான் நட்டம்.

நோர்வூட்டிலிருந்து தினமும் போய்வர மட்டும் நினைக்காதீர்கள். ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று சுற்றி வந்து சேர்வதற்குள் அம்மா தளர்ந்துபோவார். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு பஸ்ஸில் இருக்கவே முடியாது. கண்டியிலோ பேராதனையிலோ அறை ஒன்று பாருங்கள். வார்டில் தங்க இடம் கிடைக்குமா என்றும் கேளுங்கள், தூரத்திலிருந்து வருகிறோம் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

கதிர்ப் பிரிவு ஊழியன்

நான் கதிர்ச் சிகிச்சைப் பிரிவில் இயந்திரத்தை இயக்குபவன். எந்த ஊர் என்பது வேண்டாம். செல்வி, உங்கள் அம்மாவின் கேள்வியை எங்களிடம் மாதம் பத்துப் பேராவது கேட்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான்கு நாளைக் கடைசியில் சேர்த்தால் எண்ணிக்கை சரியாகும். நோய் எண்ணிக்கை பார்ப்பதில்லை, நாட்காட்டி பார்க்கிறது. கதிர் படும்போது உடம்பின் நல்ல கலங்களும் (செல்களும்) கெட்ட கலங்களும் இரண்டுமே அடிபடுகின்றன. நல்லவை இரவுக்குள் தங்களைச் சரிசெய்துகொள்ளும் வேகம் கூடியவை. அதனால்தான் மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுக்காமல் சிறு சிறு கூறாகப் பிரிக்கிறோம். ஆனால் வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சிகிச்சை தொடங்கி மூன்று நான்கு வாரமானதும், எஞ்சியிருக்கும் கெட்ட கலங்கள் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். உங்கள் திருவிழா வருவது சரியாக அந்த வாரத்தில். இந்த வகை நோயில் மொத்தச் சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டால், நோயை அடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகக் குறைகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. நான்கு நாள் என்றால் நீங்களே கணக்குப் பாருங்கள்.

சனி, ஞாயிறு இடைவெளி ஏற்கனவே திட்டத்தில் கணக்கிடப்பட்டது, அதனால் பயமில்லை. போயா விடுமுறையோ இயந்திரப் பழுதோ வந்தால் சனிக்கிழமை கூப்பிடுவோம், அல்லது ஒரே நாளில் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை கொடுப்போம். அப்படிக் கூப்பிட்டால் "இன்று சனிக்கிழமைதானே" என்று இருந்துவிடாதீர்கள்.

அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியவை சில. முகத்துக்கு ஒரு கவசம் செய்வார்கள். வலைபோன்ற ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் மென்மையாக்கி, முகத்தில் வைத்து அழுத்துவோம். சூடான ஈரத்துணி போர்த்தியதுபோல இருக்கும், சில நிமிடத்தில் இறுகிவிடும். மூச்சு விடலாம், கண் மூடிக்கொள்ளலாம். அந்தக் கவசத்தை மேசையோடு பூட்டும்போதுதான் பலர் பயந்து எழப் பார்ப்பார்கள். கையை உயர்த்தினால் உடனே உள்ளே வருவோம், கமராவில் பார்த்துக்கொண்டேதான் இருப்போம். கதிர் படுவது சில நிமிடம்தான், வலிக்காது. வலி பிறகு வரும்: இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வாய் முழுக்கப் புண், உமிழ்நீர் வறண்டுபோதல், சோறு மண்போல இருத்தல். அப்போது சாப்பாட்டை விட்டுவிட்டால் உடல் மெலிந்து கவசம் தளரும். தளர்ந்த கவசத்தில் கதிர் குறி தப்பும். அப்படியானால் புதுக் கவசம், புதுத் திட்டம், அதில் இரண்டு மூன்று நாள் போய்விடும். ஆகவே கஞ்சியில் முட்டை அடித்துக் கொடுப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். வாய்வழி முடியாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் வைப்பார்கள், அதற்கு மறுக்க வேண்டாம்.

ஆடும் பல், சொத்தைப் பல் இருந்தால் திங்கட்கிழமைக்கு முன் பல் வைத்தியர் பார்த்துவிட்டாரா என்று கேளுங்கள். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகக்கூடும்.

ஊவா மைந்தன்

ஊழியர் ஐயா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் எனக்குக் கோபம் வருகிறது. நாள் தவறக்கூடாது என்று நோயாளிக்குச் சொல்கிறோம். நாள் தவறாமல் வர வழி செய்து கொடுத்தோமா? தோட்டத்தில் நாள் சம்பளம் 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350 ரூபாய் ஆனது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். அம்மாவோடு மகள் ஒரு நாள் கண்டிக்குப் போனால் அவளுடைய பேரும் போச்சு, பஸ் காசும் போச்சு, சாப்பாட்டுக் காசும் போச்சு. சிகிச்சை இலவசம், வாஸ்தவம். ஏழு வாரம் இலவசமா?

நூறு இருநூறு வருடமாக இந்த மலையில் வேலை செய்கிறோம். நுவரெலியா மாவட்டத்துக்குள்ளேயே ஒரு முழுமையான புற்றுநோய் வைத்தியசாலை வேண்டும் என்று ஏன் யாரும் உரக்கக் கேட்பதில்லை? யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலையைப் பாருங்கள். 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து பணம் திரட்டிக் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்குக்கு நடந்தார்கள்! 2016இல் மறுபடி வடக்கிலிருந்து தெற்குக்கு நடந்து காலி கராப்பிட்டியப் புற்றுநோய்ப் பிரிவுக்குச் சேர்த்தார்கள். மகரகமவுக்கு, நோய் உடம்பில் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் இயந்திரம் வந்ததும் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு தகப்பன் தொடங்கிய பணத்திரட்டலால்தான். மலையகத்துக்காக யார் நடந்தார்கள்?

கதிர்ப் பிரிவு ஊழியன்

ஊவா மைந்தன், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், பிறந்தவன்தான். ஆனால் கட்டடமும் இயந்திரமும் வந்தால் வைத்தியசாலை வந்துவிடும் என்று நினைப்பது சரியில்லை.

கதிர் கொடுக்கும் ஒரு நேர்கோட்டு முடுக்கி இயந்திரத்துக்கு ஒரு மீட்டரைத் தாண்டும் தடிமனில் கொங்கிரீட் சுவர் கட்ட வேண்டும். மின்சாரம் ஏறி இறங்கக்கூடாது. குளிரூட்டும் நீர் தடையின்றி ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவ பௌதிகவியலாளர் காலையில் கதிரின் அளவைச் சரிபார்க்காமல் ஒரு நோயாளியைக்கூட மேசையில் ஏற்றக் கூடாது. பழைய கோபால்ட் இயந்திரம் இதைவிட எளிமையானது. ஆனால் அதன் மூலப்பொருள் ஐந்து வருடமும் மூன்று மாதமும் கழிந்தால் பாதி வலுவாகிவிடும். நேற்று இரண்டு நிமிடத்தில் முடிந்த சிகிச்சைக்கு நான்கு நிமிடம் தேவைப்படும், வரிசை நீளும். மாற்றுவதற்குப் பணம் ஒதுக்காவிட்டால் அறையைப் பூட்டி வைப்பதுதான் மிச்சம்.

என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியது கண்டிப் பிரிவுக்கும் பதுளைப் பிரிவுக்கும் பக்கத்தில் மலையக நோயாளர் ஏழு வாரம் தங்க ஒரு விடுதி. ஐம்பது கட்டில், ஒரு சமையலறை, தமிழ் தெரிந்த இரண்டு உதவியாளர். இதற்குக் கொங்கிரீட் சுவர் தேவையில்லை.

ஊவா மைந்தன்

விடுதி வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் விடுதியோடு நிறுத்திக்கொண்டால், எப்போதும் எங்களை வேறோர் ஊரின் விருந்தாளியாகவே வைத்திருப்பார்கள். டிக்கோயாவில் 150 கட்டில் வைத்தியசாலை 2017இல் திறந்தபோதும் அந்த மலைக்கு இவ்வளவு பெரிது எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இன்று அது இல்லாமல் ஹட்டன் பக்கம் நடக்குமா?

தமிழ் தெரிந்த உதவியாளர் என்றீர்களே, அதற்கு ஆயிரம் முறை கைதட்டுகிறேன். ஒரு பெரிய வைத்தியசாலையில் என் சித்தி காலை ஆறு மணியிலிருந்து வாங்கிலில் உட்கார்ந்திருந்தார். பெயரைச் சிங்கள உச்சரிப்பில் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். தன் பெயர்தான் அது என்று அவருக்குத் தெரியவில்லை. பதினொரு மணிக்கு "வரவில்லை" என்று எழுதிக் கோப்பை எடுத்து வைத்துவிட்டார்கள். கோப்பில் பார்த்தால் நோயாளி சிகிச்சைக்கு வரவில்லை. அவர் பத்தடி தூரத்தில் இருந்தார்.

பேராதனைப் பல் மாணவி

இந்த இழையை எங்கள் விடுதியில் நான்கு பேர் சேர்ந்து வாசித்தோம். பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தில் படிக்கிறேன். இங்கே வாய்ப் புற்றுநோய் ஆய்வுக்கென்றே தனி மையம் இருக்கிறது. இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் இருக்கும் புற்றுநோய் இதுதான். தோட்டத்துப் பெண்களும் வெற்றிலை போடுவதால் எங்கள் மலையில் அவர்களும் தப்பவில்லை.

செல்வி அக்கா, உங்கள் அம்மா புகையிலை சேர்த்துப் போட்டாரா என்று பலர் கேட்பார்கள். சேர்க்காவிட்டாலும் ஆபத்துத்தான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலைக் கூறையும், பாக்கைத் தனியாகவும்கூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதலாம் வகுப்பில் வைத்திருக்கிறது. "நான் புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தான்" என்று கிளினிக்கில் நிம்மதியாகச் சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

பாக்கில் உள்ள அரிகொலின் என்ற பொருள் கன்னத்தின் உட்தோலில் நார்களைப் பெருக்குகிறது. தோல் வெளிறி, கயிறுபோல இறுகும். முதலில் மிளகாய் எரியும், பிறகு வாய் திறப்பது குறையும். வீட்டிலேயே பார்க்கலாம்: உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, முன்பற்களுக்கு இடையே நேராக நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் பல் வைத்தியரிடம் போகவேண்டும். சுரண்டினால் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் வலிக்காத கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் போகவேண்டும். சிவப்புத் திட்டு வெள்ளையைவிட மோசமானது.

இவற்றைப் பார்க்க ஒரு டோர்ச் வெளிச்சம் போதும். அப்படி நான் சொல்வதற்கு ஆதாரம் பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அதற்கு இருபது வருடம் முன்பே, 1984இல், இலங்கையில் ஆரம்ப சுகாதார ஊழியர்களைக் கொண்டு இதைச் செய்து பார்த்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதியிருக்கிறார்கள். ஊழியர்கள் திட்டுகளைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். தடங்கல் அடுத்த படியில் வந்தது: "பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களில் பலர் போகவில்லை. நாற்பது வருடமாகியும் அந்தப் படி அப்படியேதான் இருக்கிறது.

ஊவா மைந்தன்

தங்கச்சி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். ஆய்வு என்று சொல்லித் தோட்டத்துக்கு வருகிறார்கள், வாயைப் பார்க்கிறார்கள், எச்சில் எடுக்கிறார்கள், கைநாட்டு வாங்குகிறார்கள், போகிறார்கள். முடிவு என்ன என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை.

பேராதனைப் பல் மாணவி

தவறாக எண்ணவில்லை அண்ணா. நியாயமான கேள்வி. ஆய்வில் சேர்க்கும் முன் உங்கள் மொழியில் எழுதிய தகவல் தாளைக் கொடுத்து, வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, மறுத்தாலும் உங்கள் சிகிச்சைக்கு எந்தக் குறையும் வராது என்று சொல்ல வேண்டும். நெறிமுறைக் குழு அதைப் பார்த்துத்தான் அனுமதி தரும். தாள் சிங்களத்தில் மட்டும் இருந்தால் கைநாட்டு வைக்காதீர்கள், தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. முடிவைத் திரும்ப வந்து சொல்வது பற்றி நீங்கள் சொன்னது எனக்குச் சுட்டது. என் இறுதி ஆண்டு ஆய்வுக்கு லிந்துலைப் பக்கம் போக இருக்கிறேன். முடிவை அதே மண்டபத்தில் வந்து தமிழில் சொல்வேன். இங்கே எழுதி வைத்துவிட்டேன், சொல்லாவிட்டால் கேளுங்கள்.

பொகவந்தலாவைப் பெரியவர்

மகளே செல்வி, நான் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்த்து ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. வயது 74. வெற்றிலையைப் பற்றிப் பிள்ளைகள் எழுதியதை எல்லாம் வாசித்தேன். அது எங்கிருந்து வந்தது என்பதையும் யாராவது எழுத வேண்டும்.

விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் போடும் இடத்துக்கு, வருகிறவள் வெறும் வயிற்றோடு வருவாள். பனி எலும்புக்குள் போகும். மலை உச்சியில் பத்து மணித் தேநீர் வரும் வரை அந்த வெற்றிலைதான் பசியை அடக்கும், உடம்பைச் சூடாக்கும். அட்டை ஏறினால் அதே புகையிலைச் சாற்றைத்தான் காலில் துப்பித் தேய்ப்பாள். இரவில் கன்னத்தில் அதக்கிக்கொண்டே தூங்குவாள். என் மனைவியும் அப்படித்தான் இருந்தாள். அவளுக்கு 1998இல் நாக்கில் வந்தது. கத்தி பட்டால் பரவும் என்று உறவுக்காரர்கள் சொன்னதைக் கேட்டு, நாட்டு வைத்தியம் என்று மூன்று மாதம் பச்சிலை அரைத்துப் போட்டோம். அந்த மூன்று மாதத்தை நான் எங்கே போய்த் திருப்பிக் கேட்பேன்? பரவியதற்குக் கத்தி காரணமில்லை, நாங்கள் காத்திருந்ததுதான் காரணம் என்று பிறகு வைத்தியர் சொன்னார்.

வெற்றிலையை விடு என்று சொல்பவர்கள் அந்தப் பசிக்கும் ஒரு வழி சொல்லட்டும். காலையில் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) குழந்தைக்குக் கஞ்சி கொடுப்பதுபோல, பெரட்டுக் களத்தில் தாய்க்கும் ஒரு கோப்பை கொடுத்தால் பாதிப் பேர் வெற்றிலையை விட்டுவிடுவார்கள். நான் நாற்பது வருடம் பெரட்டில் பேர் போட்டவன், அந்த முகங்களைப் பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

நேர்த்தியைப் பற்றி: மாரியம்மன் தாய். தாய் நாள் பார்க்க மாட்டாள். அடுத்த வருடம் நடந்து வந்து செலுத்தட்டும்.

லிந்துலை ஆசிரியை

பெரியவர் ஐயாவின் பதிவை ஆசிரியர் அறையில் சத்தமாக வாசித்தேன்.

இழை வாயைப் பற்றியது, ஆனாலும் ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போகிறேன். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே இலவசமாகப் போடப்படுகிறது. தொடங்கியபோது இரண்டு தடவை, ஆறு மாத இடைவெளியில் என்று வகுத்தார்கள். எங்கள் வகுப்பில் சில பெற்றோர் சம்மதப் படிவத்தைத் திருப்பி அனுப்பினார்கள், பிள்ளை பிறக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். வீடு வீடாகப் போய்ப் பேசினோம், இரண்டு வீட்டைத் தவிர எல்லோரும் சம்மதித்தார்கள். தாய்மாருக்கு 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்தைப் பார்க்கும் பாப் பரிசோதனை உண்டு. தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயர் கொடுத்தால் போதும்.

செல்வி, பணக் கஷ்டத்துக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். ஜனாதிபதி நிதியத்துக்கான விண்ணப்பத்தையும் 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், கொழும்புக்குப் போகத் தேவையில்லை. வைத்தியரின் கடிதம், பயாப்சி அறிக்கையின் பிரதி, வங்கிப் புத்தகம் மூன்றையும் ஒரே உறையில் வைத்திருங்கள்.

இரவு வார்டுத் தாதி

ஒரே ஒரு விடயம். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு வலி கூடும்போது வைத்தியர் மோர்ஃபின் எழுதினால் பயப்படாதீர்கள். அது சாகப் போகிறவர்களுக்கான மருந்து என்று எங்கள் ஆட்கள் மாத்திரையைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைப்பார்கள். வலி அடங்கினால்தான் விழுங்க முடியும், விழுங்கினால்தான் கதிரைத் தாங்க முடியும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். இரவில் காய்ச்சல் வந்தால் காலை வரை பார்த்திருக்க வேண்டாம். கதிரோடு கீமோவும் கொடுத்தால் 38 பாகை தாண்டிய காய்ச்சல் அவசரம், நடுநிசியானாலும் கொண்டு வாருங்கள்.

நோர்வூட் செல்வி

எல்லோருக்கும் என் நன்றி. பெரியவர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தாய் நாள் பார்க்க மாட்டாள்" என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, அறை பாரு" என்றார்.

கண்டியில் கெட்டம்பேப் பக்கம் ஒரு பின்னறை கிடைத்திருக்கிறது. தம்பி கொழும்பில் கடையிலிருந்து மூன்று வாரம் விடுப்பில் வருகிறான், மிச்சத்துக்கு நான். பல் வைத்தியரிடம் கேட்டோம், இரண்டு பல் ஏற்கனவே சத்திரசிகிச்சையின்போதே எடுத்துவிட்டார்களாம்.

நோர்வூட் செல்வி

ஏழு வாரம் கழித்து வந்திருக்கிறேன். நேற்று 33ஆவது நாள் முடிந்தது. ஒரு நாளும் தவறவில்லை.

ஊழியர் ஐயா சொன்னது எல்லாம் வரிசையாக வந்தது. 14ஆம் நாள் வாயில் புண். 19ஆம் நாள் குழாய் வைத்தார்கள். நடுவில் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார்கள், போனோம். கவசம் பூட்டிய முதல் நாள் அம்மா கையை உயர்த்திவிட்டார். உள்ளே ஓடி வந்த ஊழியத் தங்கச்சிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பயம் இல்ல" என்று தெரிந்த சொற்களைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாளிலிருந்து அவள்தான் வேண்டும் என்று அம்மா கேட்பார்.

திருவிழா அன்று வாங்கிலில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் கோவிலிலிருந்து தொலைபேசி எடுத்தார். தப்பு மேளச் சத்தம் கேட்டது. அம்மா தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தார். பெயரைக் கூப்பிட்டபோது, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் என் கையில் அதைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

கவசத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். டின்பால் டப்பா இருந்த இடத்தில், கட்டிலுக்குக் கீழே, துணியில் சுற்றி வைத்திருக்கிறார்.

பல் மாணவித் தங்கச்சி சொன்ன மூன்று விரல் கணக்கை எங்கள் லயத்தில் எல்லோரிடமும் சொன்னேன். பத்தொன்பது பேர் பார்த்தார்கள், நான்கு பேருக்கு நுழையவில்லை. அவர்களில் மூன்று பேரை வெள்ளிக்கிழமை பேராதனைக்கு அழைத்துப் போகிறேன், காலை நான்கரை பஸ்ஸில். நான்காமவர் கடைசி லயத்துப் பாட்டி. "இந்த வயதில் எனக்கு எதற்கு" என்று கதவைச் சாத்திவிட்டார். அம்மாவுக்கு இன்னும் பேச்சுச் சரியாக வரவில்லை. ஆனாலும் நாளை மாலை அவரே அந்தப் பாட்டியிடம் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.